பழைய சேலை அடைத்த பை

“இதையும் எடுத்துக்க அம்மிணி” என்று வேலாத்தாள் ஒரு பையை மருமகள் கையில் திணித்தாள். சாப்பாட்டுப் பை ஏற்கெனவே அனிதாவின் தோளில் தொங்கியது. இந்த இரண்டாவது பைக்குள் மாமியார் ஒரு பழைய நூல் சேலையை அடைத்திருந்தாள். பஸ்ஸில் ஓர் இருக்கையை அடைத்துக்கொள்வதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

முந்தைய நாள் கம்பெனி பஸ்ஸில் காலனியைச் சேர்ந்த நாகஜோதி அனிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அங்கே வழக்கமாக உட்காரும் பக்கத்து வீட்டுப் பெண் வேலையை விட்டிருந்தாள். நாகஜோதிக்கு ஏழாம் மாதம். காலியாக இருந்தது, உட்கார்ந்தாள். அனிதா வீடு திரும்புவதற்குள் சேதி வந்து காத்திருந்தது.

“மாசமா இருக்கறவளுங்க அத்தை.”

“நானும் அஞ்சு பெத்தவதான். நின்னுட்டுப் போனா ஒண்ணும் ஆகாது. நாளைக்கு நம்ம சனம் ஊட்டுப் படி ஏறாமப் போனா ஆரு பதில் சொல்றது?”

அனிதா கணவன் பூபாலனைப் பார்த்தாள். அவனுக்கு அந்த நேரம் பார்த்து ஷூ லேஸ் பெரிய பிரச்சினையாக இருந்தது. அனிதா பையை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருந்திருக்கலாம், யாரும் அவள் கையை முறுக்கவில்லை.

காலனி நிறுத்தத்தில் நாகஜோதி ஏறினாள். பக்கத்து இருக்கையில் சவுகரியமாக உட்கார்ந்திருந்த பையைப் பார்த்தாள். கம்பெனி இருக்கும் நெருப்பெரிச்சல் வரை ஒன்றரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அனிதா ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் நடித்தாள். இப்படியே பதினோரு நாள். முதல் நாளிலிருந்தே அனிதாவை ‘அக்கா’ என்று கூப்பிடுவதையும் நாகஜோதி நிறுத்திவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மனிதவள அதிகாரி தீனதயாளன் சூப்பர்வைசர்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார். கம்பெனியில் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டும். சூப்பர்வைசர் அனிதாவின் தையல் லைனில் முப்பது பேர். இசக்கிமுத்துவுக்கு பி.எஃப். பிடித்திருந்தது, கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்குவது பிடிக்கவில்லை. ரோஸ்மேரிக்கு ஞாயிறு லீவு பிடித்திருந்தது, மணிக்கு மணி ஏறும் டார்கெட் பிடிக்கவில்லை. கேன்டீன் சாம்பாரைத் திட்டாதவர்கள் யாருமில்லை.

கடைசியாக நாகஜோதி. அவளிடம் கேட்க அனிதாவுக்கு நா எழவில்லை. ஆனாலும் கேட்டாள்.

நாகஜோதி கையிலிருந்த டீ-ஷர்ட்டின் ஓரத்தைத் தைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“இந்தச் சேர்தானுங்க மேடம். எம் பேரு ஒட்டியிருக்குது. இதுல ஆரும் பை வெக்கறதில்லீங்க.”

“பிடிக்காதது?”

“கம்பெனிக்குள்ள ஒண்ணுமில்லீங்க.”

அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அனிதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ‘இருக்கை’ என்று மட்டும் எழுதிக்கொண்டு நகர்ந்தாள். எழுதியதைவிட எழுதாமல் விட்டதுதான் அவளைச் சுட்டது.

தீனதயாளனுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்த ஒரு சொல்லை வாக்கியமாக்கி அச்சடித்து, கம்பெனி பஸ்கள் எல்லாவற்றிலும் ஒட்டச் செய்தார்: ‘இங்கே எனக்கென்று ஓர் இருக்கை உண்டு. நாகஜோதி, தையல் பிரிவு.’ ஒட்டிய அன்று அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் நாகஜோதி வேலைக்கு வந்தாள். யாரோ சிரித்தார்கள். அனிதா அன்று சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை அவள் வாசலைத் தாண்டும்போது வேலாத்தாள் கூப்பிட்டாள்.

“பைய மறந்துட்டுப் போற அம்மிணி.”

“மறக்கலீங்க அத்தை.”

பஸ்ஸில் நாகஜோதி ஏறியதும் அனிதா பக்கத்து இருக்கையைக் காட்டினாள். நாகஜோதி உட்காரவில்லை.

“ஊட்ல சொல்லிட்டீங்களா? நாளைக்கு மறுபடியும் பை வந்துச்சுன்னா, நிக்கறத விட அது சிரமமுங்க.”

“நீ உக்காரு. சேதி தானாப் போயிச் சேரும்.”

நாகஜோதி மெதுவாக உட்கார்ந்தாள். அவள் பாதங்கள் இரண்டும் செருப்பு வாரைத் தாண்டி வீங்கியிருந்தன. இத்தனை நாளில் அனிதா ஒரு தடவைகூடக் குனிந்து அவற்றைப் பார்த்ததில்லை.

இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் போன் அடித்தது. பூபாலன். முன் இருக்கைப் பெண்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள்.

“எடுங்க அக்கா” என்றாள் நாகஜோதி.

அனிதா எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படியே பேசினாள்.

“ஆமாங்க, பக்கத்துலதான் உக்காந்திருக்கறா. நாளைக்கும் இங்கதான் உக்காருவா.”