பன்னிரண்டாவது இழை

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அண்ணன் மனைவி சபுரா மைனி ஷாஹிதாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிலருகே இழுத்துப் போனாள்.

"ஒரு வார்த்தை சொல்லிரு. பொருந்திக்கிட்டேன்னு சொல்லிரு. எல்லாரும் சொல்லியாச்சு, நீ மட்டுந்தான் பாக்கி."

மையத்தைத் தூக்கி அடக்கத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் உறவும் தெருவும் இறந்தவரின் குற்றங்குறையை மன்னித்து, பொருந்திக்கொண்டதாக வாய்விட்டுச் சொல்வது வழக்கம். பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த வீட்டு மாரித்தாய், அந்த வார்த்தை வாயில் நுழையாமல், "எங்களுக்கு அவுக மேல ஒரு கொறையும் இல்ல" என்று வாசலில் நின்றே சொல்லியிருந்தாள். கூடப்பிறந்த தங்கை ஷாஹிதா மட்டும் அண்ணன் அப்துல் குத்தூஸின் மூக்கில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செத்துவிட்டால் எல்லோரும் உத்தமர்தான் என்பார்கள். அது அவளுக்கு மண்டையில் ஏறவில்லை.

போன வாரம் அவரே கேட்டார். பக்கவாதத்தில் கோணிய வாயால் "பொருந்திக்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். மாத்திரை மேசையில் இருக்கிறது, சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று பதில் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்து, மேலே சின்னக் கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். அண்ணன் மகன் ரய்யான் ரியாத்தில் இருந்தான். முதலாளி லீவு தரவில்லை. வீட்டில் இருக்கிற செல்போன்களில் பேச மட்டும்தான் முடியும், அத்தாவின் முகத்தைக் கடைசியாக அதில்தான் அவன் பார்க்க வேண்டும். பள்ளிவாசலில் இருந்து வந்த பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். சபுரா மைனி அசையவில்லை. குளிப்பாட்டி முடித்துக் கேமராவைத் திருப்பிய நேரத்தில் லைன் போனது. ஒன்றேகால் மணி.

அடுத்த நிமிடம் ஷாஹிதாவின் செல்போன் அடித்தது. அவள் வேலை பார்க்கும் கேபிள் கம்பெனியிலிருந்து பேசினார்கள். திருத்தங்கல் ரயில்வே கேட் பக்கம் ரோடு அகலப்படுத்திய ஜேசிபி, ஃபைபரை அறுத்துவிட்டது. பன்னிரண்டு ஏரியாவுக்கு டிவியும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. அவளைத் தவிர ஃபைபர் ஒட்டத் தெரிந்த இன்னொருவர் ராஜபாளையம் போயிருக்கிறார். துக்க வீடு என்று தெரியும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த சபுரா மைனி, பிடித்திருந்த கையை விட்டாள்.

"நீ போயிப் போட்டுரு. நாலு மணிக்குத் தூக்கிருவாக. அதுக்குள்ள எம்புள்ள அவுக அத்தா மொகத்தப் பாத்துரணும்."

ஒரு பொம்பளையை, அதுவும் மையத்து கிடக்கையில், ரோட்டுக் குழிக்கு அனுப்புகிற வீடா இது? ஷாஹிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தவர்கள், பாவம், இப்போதுதான் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

ஆறு வருஷம் முன்னால், பாலிடெக்னிக் முடித்துச் சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் நடக்கிற ஃபைபர் படிப்புக்கு எழுதிப் போட்டாள். ஆறு மாதம், தங்கிப் படிக்க வேண்டும், முடித்தால் வேலை. கடிதம் வருமென்று தினமும் தபால்காரரைப் பார்த்தாள். வந்த கடிதத்தை அண்ணன் கையெழுத்துப் போட்டு வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினார். சேருகிற தேதி முடிந்த மறுநாள் சாவகாசமாகச் சொன்னார். அக்கா நாதியாவுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை, மூத்த குமரு வீட்டில் இருக்கையில் இளைய குமரு வெளியூரில் தங்கினால் மூத்தவளை எவன் கேட்டு வருவான் என்றார். "எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்கும்மா" என்று முடித்தார். கோபப்பட்டுச் சொல்லியிருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். அன்பாகச் சொன்னார்.

நாதியாவுக்குக் கல்யாணம் ஆக மூன்று வருஷம் பிடித்தது. அதற்குள் அந்தப் படிப்பின் வயது வரம்பை ஷாஹிதா தாண்டியிருந்தாள். அப்புறம் கேபிள் கம்பெனியில் புகார் எழுதிக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். கம்பெனி தன் ஆட்களுக்காக மதுரையில் நடத்திய ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முப்பது ஞாயிறு பஸ் ஏறினாள். ஃபைபரை உரித்து, துடைத்து, நேராக வெட்டி, ஒட்டக் கற்றாள். அதற்குள் அண்ணன் படுத்துவிட்டார், தடுக்க வாயில்லை. அவள் போகாத அந்தச் சென்னை வகுப்பில் படித்த ஒருவன் இப்போது அவளுடைய மேனேஜர். அவளைவிட மூன்று வயது சின்னவன். ஒவ்வொரு மாதமும் அவனிடம் லீவு எழுதிக் கொடுக்கும்போது அவள் மனசார அண்ணனைச் சபித்தாள்.

ரயில்வே கேட்டில் லைன்மேன் ரத்தினசாமி அறுந்த இரண்டு முனைகளையும் குழியிலிருந்து இழுத்து வைத்திருந்தார். அறுந்த இடத்துக்கு நேரே ஒரு லாரி நின்றது. தீபாவளி சீசன், தாயில்பட்டியிலிருந்து வந்த பட்டாசு லோடு. ஒட்டுகிற மெஷினில் பொறி பறக்கும். லாரியைத் தள்ளி நிறுத்தாமல் பெட்டியைத் திறக்கவே மாட்டேன் என்றாள். சாப்பிடப் போன டிரைவரைத் தேடிப் பிடிக்க இருபது நிமிடம் ஆனது. அதில் அவள் சூது ஒன்றுமில்லை.

மேல்தோலை உரித்ததும் பன்னிரண்டு இழைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு நிறத்துக்கு ஒரு ஏரியா. நீலத்தில் தொடங்கி வரிசையாகப் போய்க் கடைசியில் கடல் நிறத்தில் முடியும். அண்ணன் வீட்டுத் தெரு கடல் நிறம். ஒரு இழைக்கு ஆறு நிமிடம். மணி இரண்டே முக்கால்.

"ஒங்க தெருவ மொதல்ல போட்ருங்கம்மா" என்றார் ரத்தினசாமி. "மத்ததுக்கு என்ன அவசரம்? நாடகந்தான பாக்கப் போறாக."

மதுரையில் வாத்தியாரும் அதைத்தான் சொல்லியிருந்தார். நிறம் மாறி ஒட்டிவிடக் கூடாது என்பதற்குத்தான் வரிசை, அவசரமென்றால் எதையும் முன்னால் போடலாம், குறித்து வைத்துக்கொண்டால் போதும் என்றார். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

நீலத்தை எடுத்தாள்.

"எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்குண்ணே."

சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. ஆறு வருஷம் அடக்கி வைத்தது அந்த ஒரு வார்த்தையில் இறங்கியது போலிருந்தது. பீரோவுக்குள் என் கடிதம் கிடந்தது போல நீயும் உன் மகன் கண்ணில் படாமல் கிட என்று கட்டிலில் இருந்தவரிடம் மனசுக்குள் சொன்னாள். கையை மெதுவாக ஓட்டவில்லை. அது திருட்டுத்தனம், அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. முறைப்படி, சுத்தமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாள். ஆரஞ்சு, பச்சை, பிரவுன். மெஷின் திரையில் ஒவ்வொரு ஒட்டும் நூல் பிடித்தது போல் நேராகத் தெரிந்தது. சபுரா மைனி இரண்டு தடவை போன் செய்தாள். ரத்தினசாமிதான் எடுத்து, நடந்துக்கிட்டு இருக்கு என்றார்.

மஞ்சள் முடிந்தபோது மணி மூன்று நாற்பது. ஊதாவைத் துடைத்துக்கொண்டிருக்கையில் மறுபடி போன் வந்தது. ரத்தினசாமி அவள் காதில் வைத்தார். ரியாத் நம்பர்.

"மாமி, நீங்கதான் போட்டுக்கிட்டு இருக்கீகளா?"

"ஆமாய்யா."

"அப்பச் சரி. வேற யாராச்சுமோன்னு நெனச்சேன்." ரய்யான் மூக்கை உறிஞ்சினான். "நான் இங்கனயே உக்காந்திருக்கேன் மாமி. நீங்க பாருங்க."

பீரோவில் கடிதம் இருப்பதை அவளிடம் முதலில் சொன்னவன் அவன்தான். அப்போது ஒன்பதாவது படித்தான். சாவியைத் திருடிக்கொண்டு வந்து, "மாமி, இன்னிக்கே கெளம்பினாச் சேத்துக்கிருவாகளா?" என்று கேட்டான். தேதி நேற்றே முடிந்திருந்தது. சாவியை எடுத்ததற்காக அண்ணன் அவனைப் பெல்ட்டால் அடித்தார். அந்தத் தழும்பு அவன் முழங்கைக்கு மேலே இன்னும் இருக்கிறது.

அதை அவள் மறந்துபோயிருந்தாள். பழியை வளர்த்த மும்முரத்தில் அவனை மறந்தேபோய்விட்டாள்.

ஊதா முடிந்தது. ரோஸ் நிறத்தை உரித்து வெட்டினாள். வெட்டு கோணலாக விழுந்தது, மெஷின் ஏற்கவில்லை. மறுபடி வெட்டினாள். மறுபடியும் கோணல். இன்றைக்கு முழுவதும் அப்படி ஆகவில்லை. ஷாஹிதா ரோஸை அப்படியே போட்டுவிட்டுக் கடல் நிறத்தை எடுத்தாள். வரிசை உடைந்தது.

உரித்தாள், துடைத்தாள், வெட்டினாள். பொறி பறந்து இரண்டு முனைகளும் உருகிச் சேர்ந்தன. மெஷின் காட்டிய ஒளி நஷ்டம் இரண்டு பாயிண்டுகூட இல்லை. அன்றைக்குப் போட்டதிலேயே அதுதான் சுத்தமான ஒட்டு. மணி நாலு ஏழு.

ரத்தினசாமி கையிலிருந்த போன் உடனே அடித்தது.

"லைன் வந்துருச்சு மாமி" என்றான் ரய்யான். "கட்டில் தெரியுது. பாயைச் சுருட்டி வச்சிருக்காக. சாம்பிராணி பொகையுது. அத்தாவ எடுத்துட்டாகளா?"

"எடுத்துருப்பாகய்யா. நாலு தாண்டிருச்சு."

"ம்." அவன் மூச்சு விடுவது கேட்டது. "நீங்க என்ன செய்வீக மாமி. ஒங்களால ஆனதச் செஞ்சீக."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒட்டிய இழையைத் தட்டில் பதித்து வைத்தாள்.

"நான் கொஞ்ச நேரம் இதையே பாத்துக்கிட்டு இருக்கேன் மாமி. கட் பண்ணிராதீக."

போனை ரத்தினசாமி வாங்கிக்கொண்டார். ஜேசிபிக்காரர் இறங்கிவந்து, குழியை மூடலாமா, ரோட்டில் வண்டியெல்லாம் நிற்கிறது என்றார். ரோஸ் இன்னும் பாக்கி இருந்தது. மெஷின் பக்கத்தில் காத்திருந்தது. அதைப் போடவேண்டுமானால் இழைகளை வைத்திருக்கும் தட்டைக் கொஞ்சம் நகர்த்தவேண்டும், நகர்த்தினால் கடல் நிறம் ஆடி லைன் விட்டுப்போகலாம்.

"இப்ப வேண்டாம்ணே" என்றாள் ஷாஹிதா. "பாத்துக்கிட்டு இருக்கான்."

பட்டாசு லாரி கேட்டைக் கடந்தபோது தரை அதிர்ந்தது. அவள் குழிக்குள் குத்தவைத்தபடி, கடல் நிற இழை ஆடாமல் இருக்க, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.