நிறம் சொல்லட்டும்

எங்கள் ஊர் ஆண்கள் பெண்களுக்குப் புடவை எடுக்கப் போனால் கடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். அழுக்குத் தெரியாத நிறமா? அப்படிக் கேட்டு வாங்கி வந்த காப்பிக்கொட்டை நிறத்தையும் கருநீலத்தையும் கட்டிக்கொண்டுதான் எங்கள் அம்மாக்கள் சாமை அறுத்தார்கள், புளி உலுக்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். அழுக்குத் தெரியாது, வாஸ்தவம்தான். உள்ளே ஒரு ஆள் இருப்பதும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அந்த நிறங்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சத்துணவு வந்த மறு வருஷம் பள்ளிக்கூடத்தில் சமையல் உதவிக்கு என்னை எடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்கு நானே மலை இறங்கி ஆலங்காயம் போனேன். வாடாமல்லி நிறத்தில் புடவை, அதற்கு மாம்பழ மஞ்சளில் கரை. கரையின் மஞ்சளிலேயே ஜாக்கெட்டுத் துணி. செருப்புக் கடையில் சிவப்பைக் கேட்டேன். "மலைக்குக் கறுப்புதாம்மா போவும்" என்றார் கடைக்காரர். மலையா போட்டுக்கொள்ளப் போகிறது, நான்தானே என்று சிவப்பையே வாங்கினேன். வாடாமல்லியோடு பச்சை வளையல் சேராது என்று வளையல்காரி பாடம் எடுத்தாள். வாடாமல்லிச் செடியில் பூ என்ன நிறம், இலை என்ன நிறம் என்று கேட்டேன். பேசாமல் பச்சையை எடுத்துக் கொடுத்தாள்.

ஊருக்குள் அதைக் கட்டிக்கொண்டு நடந்த அன்றே பெயர் வைத்துவிட்டார்கள், கலர் வடிவு. கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் வருஷம் சின்னராசுவுக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். சின்னராசு எங்கள் ஊர்க்கவுண்டர் கோபால்சாமியின் தங்கை மகன். பக்கத்து ஊரில் இருந்தான். முதல் பெண்டாட்டி மங்கம்மாள் எங்கள் ஊர்ப் பெண்தான். கை ஒடிந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். பாறையில் வழுக்கி விழுந்தாள் என்று ஊர் சொன்னது. கிணற்றடியில் என்னிடம் அவள் சொன்னது வேறு.

"கொழம்புல உப்பு தூக்கலா பூட்ச்சி வடிவு. அம்மாந்தான், அதுக்கே கைய ஒடிச்சிட்டான்."

இவ்வளவும் என் அப்பா பஞ்சாட்சரத்துக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினார். ஊர்க்கவுண்டருக்குச் சம்பந்தி முறை ஆனால் திருவிழாவில் அவர் பக்கத்தில் உட்காரலாம். என் அப்பாவுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கு வேண்டாம் என்று முதல் நாளே அவரிடம் சொன்னேன். "அத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? கோயிலாண்ட சொல்லிக்கோ" என்றார். சரி, நியாயம்தானே என்று நம்பினேன்.

கோயிலாண்ட என்றால் விஷயம் இதுதான். எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள் சாயங்காலம் ஒரு புடவையை மூட்டையாகக் கட்டிப் பெண் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை பெண் மாரியம்மன் கோயில் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவர்கள் கொடுத்த புடவையைக் கட்டி வந்தால் சம்மதம், குலவை போட்டுவிடுவார்கள், அங்கேயே தாலியும் ஏறிவிடும். தன் சொந்தப் புடவையைக் கட்டி வந்தால் இஷ்டமில்லை. அப்போது மூட்டையை அவிழ்க்கக்கூடக் கூடாது, அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாயால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. பெண் வருவதற்கு முன்னால் ஊர்க்கவுண்டர் எழுந்து "நெறம் சொல்லட்டும்" என்பார். அவ்வளவுதான் சடங்கு. என் நினைவில் இரண்டு பெண்கள் அப்படிச் சொந்தப் புடவையில் வந்து நின்றிருக்கிறார்கள். ஊரும் மறுபேச்சில்லாமல் கலைந்து போயிருக்கிறது. இந்த ஒரு வழக்கத்துக்காகத்தான் ஊர் செய்த மற்றதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

மூட்டை வந்தது. நான் அதைத் தொடவில்லை. காலையில் குளித்து, பெட்டியில் பொங்கலுக்குப் பிறகு எடுக்காமல் வைத்திருந்த வாடாமல்லிப் புடவையைக் கட்டினேன். சந்நிதிக்குக் கந்தல் கட்டிப் போகக்கூடாது, என்னிடம் இருந்த நல்ல புடவை அது ஒன்றுதான். மஞ்சள் ஜாக்கெட்டு, பச்சை வளையல், சிவப்புச் செருப்பு. இஷ்டமில்லை என்று சொல்லப் போகிறவள் அழுது வடிந்துகொண்டு போக வேண்டுமா என்ன? நன்றாகத் தெரியும்படிதான் போனேன்.

கோயில் திடலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். குலவை கேட்டது.

சின்னராசுவின் அம்மா சாந்தம்மாள்தான் முதலில் போட்டாள். அவளோடு வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மேளம் வேறு தொடங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் வேறு எந்தப் பெண்ணாவது வருகிறாளா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன்.

"கட்டிகினா! எம்மருமவ கட்டிகினா!" என்று சாந்தம்மாள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"இன்னா கட்டிகினேன்? இது என்னோட பொடவ" என்றேன்.

"நாங்க கொண்ணாந்த பொடவ இதுதானேம்மா. வாடாமல்லி, மஞ்சக் கர."

அவளைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா குப்பம்மாள் மேளச் சத்தம் கேட்டு வாசலில் திகைத்து நின்றாள். மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு திடலுக்குத் திரும்பினேன். போட்ட முடிச்சு போட்டபடி இருந்ததை எல்லாருக்கும் காட்டிவிட்டு, பல்லால் கடித்து அவிழ்த்தேன். உள்ளே வாடாமல்லிப் புடவை. மாம்பழ மஞ்சளில் கரை. என் மேல் இருந்த அதே நிறம், அதே அகலம்.

ஊர்க்கவுண்டர் தொண்டையைக் கனைத்தார். "ரெண்டும் ஒரே நெறமாத்தானே கீது. பாத்த நெறந்தான் கணக்கு. கொலவ போட்டாச்சி, சாமி கேட்டுச்சி. அவ்ளோதான்."

"மூட்டைய நான் அவுக்கவே இல்லியே! முடிச்ச இப்பதானே எல்லாரும் பாத்தீங்க?"

"முடிச்சப் பாக்கற வழக்கம் இல்ல வடிவு. நெறந்தான்."

"சரி, அப்ப வாயாலயே சொல்றேன். எனக்கு இவன் வேணாம்."

"பொண்ணு வாயால சொல்ற வழக்கமும் இல்ல" என்றார். சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த வெற்றிலையைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுன்னா எங்கிட்ட இன்னா மயித்தக் கேக்க வந்தீங்க?" என்று கத்தினேன். "கண்ண நல்லாத் தொறந்து பாருங்க. அது கஞ்சி முறுக்கு போவாத புதுசு. இது நான் மூணு வருசமா தொவச்சிக் கட்டுனது. பாருங்க, முந்தானையப் பாருங்க!"

முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். நிறம் மங்கியதைக் காட்டத்தான் விரித்தேன். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. ஓரத்தில் கரையும் உடலும் சேர்கிற இடத்தில் ஒரு துண்டு இல்லை. எலி கடித்தது என்றால் பிய்ந்து நூல் தொங்கும். இது கத்திரிக்கோலால் நேராக வெட்டியது. ஜாக்கெட்டுக்கு மேட்சிங் துணி எடுக்கப் போகும்போது பெண்கள் வெட்டிக்கொண்டு போவார்களே, அதே மாதிரி.

என் பெட்டிச் சாவி எங்கே இருக்கும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அம்மாவுக்குப் போளூர் கடைத்தெரு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. போன வாரம் யூரியா வாங்கப் போளூர் போனவர் அப்பா. யூரியா இல்லாமல் திரும்பி வந்து ஸ்டாக் இல்லை என்றவரும் அவர்தான்.

அவர் பக்கம் திரும்பினேன். கவுண்டருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆசைப்பட்ட இடம். தலையைக் குனிந்துகொண்டார்.

"நீயாப்பா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மங்கம்மா கைய ஒடிச்சவங்கிட்ட என்னப் புடிச்சிக் குடுக்க, எம்முந்தானையவே வெட்டிகினு போனியா?"

"ஒன் நல்லதுக்குத்தான்டி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "எப்படியும் அதத்தான் கட்டுவேன்னு தெரியும்."

அப்பாவுக்கு என் நிறம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் புடவையை அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை, ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசியில் என்னை ஏமாற்றத்தான் அந்த நிறத்தைக் கவனித்திருக்கிறார். அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழுதால் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்தேன்.

சின்னராசு சிரித்தான். "பஞ்சாயத்து போதும். மேளத்த அடிங்கப்பா" என்றான். உப்புக்காகக் கை ஒடித்தவன் இதற்கு என்ன செய்வான் என்று தோன்றியது. வீட்டுக்குள் போனதும் தெரிந்துவிடும்.

அப்பா முன்னால் ஒரு தாம்பாளம் இருந்தது. வெற்றிலை பாக்கு, தேங்காய், அதன்மேல் மாப்பிள்ளை வீட்டார் மாமனாருக்கு வைத்த எட்டு முழ வேட்டி. மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. யாரும் தடுப்பதற்குள் அதை உருவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா பின்னாலேயே உள்ளே வந்தாள். நான் வாடாமல்லியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வேட்டியைப் பாவாடைமேல் சுற்றத் தொடங்கியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவைச் சாத்தினாள்.

"வெள்ள வேணாம்டி. அவன் உசுரோட கீறான்டி. பாவம்டி அது."

"இத கட்டிகினாத்தான் வுடுவாங்க. வேற எந்த நெறத்துல நான் போய் நின்னாலும் அவங்க போய் அதே மாதிரி எடுத்துகினு வந்துடுவாங்க. பொண்ணுக்குன்னு இத எவனும் எடுத்துகினு வரமாட்டான்."

அம்மா சுவரில் சாய்ந்தாள். அவள் மேலே இருந்தது காப்பிக்கொட்டை நிறம், அப்பா எடுத்தது. பிறகு குனிந்து, எனக்கு நிற்காமல் நழுவிய மடிப்பை எடுத்து இடுப்பில் இறுக்கமாகச் செருகினாள். வளையல்களை நான் கழற்றக் கழற்ற வாங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டாள். பொட்டை மட்டும் அவள் தொடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானே துடைத்தேன்.

திடலுக்கு வந்தேன். மேளம் நின்றது. அடிக்கிறவர் கையை ஓங்கியபடி என்னையே பார்த்தார். வெள்ளை சுற்றி, வெறுங்கையும் வெறும் நெற்றியுமாக ஒரு பெண் நடந்து வந்தால் அது யார் என்று எங்கள் மலையில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேராகச் சின்னராசுவுக்கு எதிரில் போய் நின்றேன்.

சாந்தம்மாள் அலறினாள். "அடிப்பாவி! எம்புள்ள குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்டி! தாலி கட்டறதுக்கு முன்னாடியே அறுக்க வந்துட்டியாடி!"

"இதுவும் நீங்க கொண்ணாந்த துணிதானே அத்த?" என்றேன். அவளை நான் அத்தை என்று கூப்பிட்டது அன்று ஒரு தடவைதான். "நீங்க குடுத்த துணியக் கட்டிகினு வந்தா சம்மதம். கட்டிகினு வந்துட்டேன். கொலவ போடுங்க."

காலையில் குலவை போட்டவர்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒதுங்கினார்கள்.

"போடுங்க! நெறம் சொல்லட்டும்னாரே கவுண்டரு, சொல்லுதா இல்லியா? ஒங்க துணி, ஒங்க வழக்கம். நானும் சம்மதம்னுதான் வந்து நிக்கிறேன். மேளத்த அடிக்கச் சொல்லுங்க."

சின்னராசுவின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. ஒரு அடி முன்னால் வந்தான். கை ஓங்கப் போகிறான் என்று நினைத்தேன், ஓங்கட்டும் என்றுதான் நின்றேன். ஆனால் அவன் கண் என் முகத்தில் இல்லை, வேட்டியில் இருந்தது. சாந்தம்மாள் ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "கிட்டப் போவாத! அவ நெழலு ஒம்மேல படக்கூடாது!"

கோபால்சாமி கவுண்டர் எழுந்தார். வெற்றிலையைத் துப்பினார். "கழட்டும்மா அத" என்றார். அம்மா என்று அவர் என்னைக் கூப்பிட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"இதுக்கு இன்னா அர்த்தம்னு நீங்க சொல்லுங்க. சொன்னா கழட்டறேன். இல்லன்னா இதோடயே தாலி கட்டட்டும், இதோடயே அவன் வூட்டுக்குள்ள போறேன்."

கவுண்டர் ஊரைப் பார்த்தார். என் அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து கூட்டத்தின் பின்பக்கம் போய்விட்டிருந்தார். கடைசியில் கவுண்டர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார். "பொண்ணுக்கு இஷ்டமில்ல."

"கேக்கல" என்றேன்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் தங்கை சாந்தம்மாள்தான் தாங்க முடியாமல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லித் தொலைண்ணா! எம்புள்ளைக்கு எதனா ஆயிடப்போவுது. சாமிக்குக் கேக்கறாப்பல சத்தமா சொல்லு!"

ஊர்க்கவுண்டர் கோபால்சாமி கோயிலைப் பார்த்துத் திரும்பி நின்று, பொண்ணுக்கு இஷ்டமில்ல என்று கத்தினார்.