அப்பாவின் கடிகாரத்துக்கு ஒரு சுவர்

வாடகை வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சுவர் என்பது கண்ணால் பார்க்க மட்டும்தான். ஓர் ஆணி அடித்தால் போதும், வீட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். பெரியவளின் அப்பா பஸ் டிரைவர். விபத்தே இல்லாமல் வண்டி ஓட்டியதற்காக அவருக்குப் பெண்டுலம் வைத்த சுவர்க்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். மாட்டத்தான் இடமில்லை. பீரோவின் மேல் சாய்த்து வைத்தால் பெண்டுலம் ஆடாது. அதற்கு நேராக நிற்க வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதற்குச் சாவி கொடுத்து, இரண்டு கைகளாலும் தூக்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். டிக் டிக் என்று ஓடும். பெரியவளும் தம்பியும் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். கை வலித்ததும் இறக்கிவிடுவார்.

"சொந்த வீட்டுக்குப் போனதும் ஆணி அடிச்சு மாட்டுறேன். அப்புறம் பாருங்க, நிக்காம ஓடும்."

"கடிகாரம் ஓடுதோ இல்லையோ, உங்க வாய் நல்லா ஓடுது" என்பாள் அம்மா உள்ளிருந்து. வீடே சிரிக்கும்.

அந்தச் சிரிப்புக்காக இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்பாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். கடிகாரம் மட்டும் பெரியவளோடு வீடு வீடாக வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவள் சேர்த்த காசுக்கு அந்த ஊரில் ஒரு குளியலறைகூடக் கிடைக்காது. வேறு மாநிலத்தில் ஒரு கம்பெனி பழைய வீடுகளைச் சரிபண்ணி, குடியும் வைத்து, அப்படியே விற்கிறது என்று கூட வேலை செய்பவர் சொன்னார். கையெழுத்துப் போட்டால் போதும். மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, தன் பங்கு போக மிச்ச வாடகையை மாதாமாதம் அனுப்பிவிடுவார்.

"பாக்காத வீட்ட வாங்குறது, பாக்காத மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டுற மாதிரி" என்றான் தம்பி.

"அம்மா அப்படித்தான்டா நீட்டினா. அப்பா நல்லாத்தானே அமைஞ்சாரு?"

வாங்கினாள். வாடகையும் ஒழுங்காக வந்தது. ஆனால் அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கும் ஆணி என்றால் ஆகாது. சொந்த வீட்டுக்காரி ஆன பிறகும் கடிகாரம் பீரோ மேலேயே கிடந்தது அவளை அரித்தது. கடைசியில் லீவு போட்டு, அதைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

ஸ்டேஷனுக்கு வந்திருந்த மேனேஜர் மிரண்டு போயிருந்தார். "எங்கிட்ட எத்தனையோ ஓனருங்க இருக்காங்கம்மா. நேர்ல வந்தது நீங்கதான் முதல் ஆளு. ஏதாவது குறையா?"

"குறையெல்லாம் இல்ல. ஒரு ஆணி அடிக்கணும்."

வீட்டில் பேக்கரியில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் அவள் கணவனும் குடியிருந்தார்கள். அவள்தான் கதவைத் திறந்தாள். சுவரெல்லாம் பளிச்சென்று, ஒரு கீறல் இல்லை. கல்யாண போட்டோ தரையில் சாய்ந்திருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒரு நாற்காலியில் இருந்தது. தலை வாருவதென்றால் அதன் முன்னால் மண்டிபோட வேண்டும்.

"ஏம்மா, இதையெல்லாம் மாட்டலையா?"

அந்தப் பெண் மேனேஜரைப் பார்த்தாள். "ஆணி அடிச்சா ஓனருக்குப் பிடிக்காதுன்னு சொன்னாங்க."

"அக்ரிமென்ட்லயே இருக்கும்மா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் மேனேஜர்.

பெரியவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எல்லாம் தயாராக இருக்கிறது என்ற மகிழ்ச்சியில் அவள் படித்துப் பார்க்கவே இல்லை. சின்ன வயதில் மனதுக்குள் திட்டித் தீர்த்த வீட்டுக்காரர்களோடு அவளும் போய் நின்றுவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சுத்தியல் இருக்கா?"

"சுவத்துல ஓட்டை விழுந்தா, பெயின்ட் செலவு உங்க தலையிலதான் விடியும்" என்றார் மேனேஜர்.

"விடியட்டும்."

முதலில் கண்ணாடி, அந்தப் பெண்ணின் முக உயரத்துக்கு. அடுத்து கல்யாண போட்டோ. அப்புறம்தான் பெரியவள் போர்வையைப் பிரித்தாள். கேட்கத் தயக்கமாக இருந்தது.

"உங்க வீட்டுல எனக்கும் ஒரு ஆணி அடிச்சுக்கலாமா? இது இங்கேயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை சாவி மட்டும் கொடுத்தா போதும்."

"ஓனர் நீங்க. எங்கிட்ட கேக்குறீங்களே?"

"குடியிருக்கிறது நீங்கதானே."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். பெரியவள் ஆணி அடித்து, சாவி கொடுத்து, கடிகாரத்தைத் தூக்கி மாட்டினாள். டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தது. அவள் நகரவில்லை. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தபடியே நின்றாள். தோள் வலித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அந்தப் பெண் மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"கைய எடுங்கக்கா. அது விழாது."