டெய்சி வீட்டு டப்பா

மருமகள் புனேக்காரி. அவளோடு நாலு வார்த்தை பேச வேண்டுமே என்றுதான் ராமாமணி கணபதி ஏரியாவில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். அன்றைய பாடம், ‘தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்’.

“பந்து உங்க பக்கம் வந்துருச்சுன்னு அர்த்தமுங்க. எதிராளி ஆடி முடிச்சாச்சு, இனி செய்ய வேண்டியது நீங்கதான்,” என்றாள் டீச்சர் ரம்ஷா. “யாராச்சும் ஒரு உதாரணம் சொல்லுங்க.”

ராமாமணிக்கு வாய் முந்திக்கொண்டது. “பக்கத்தூட்டுப் பலகாரம் வந்த போசி நம்மூட்டுல இருக்குதுன்னு வையுங்க அம்மணி. வெறும் போசியத் திருப்பித் தர முடியுங்களா? நாமதான் எதையாச்சும் போட்டுக் கொண்டுபோய்க் குடுக்கோணும்.”

வகுப்பே கை தட்டியது. ராமாமணிக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று. பக்கத்து வீட்டு டெய்சியின் நீல மூடி டப்பா கிறிஸ்துமஸிலிருந்து அவள் அலமாரியில் கிடக்கிறது.

கேக் வந்த மறுநாளே, ராமாமணி வீட்டு கேட்டை மறித்து நின்ற டெய்சியின் காருக்காக இருவருக்கும் வாய்த்தகராறு. பிள்ளைகள் சிறுசாக இருந்த நாளிலிருந்து வந்த பழக்கம் அதோடு நின்றது. காரை நிறுத்தியவள்தானே வந்து பேச வேண்டும் என்று இவள் விறைத்துக்கொண்டு திரிந்தாள். நாளைக்கு டெய்சி வீட்டைக் காலி செய்து மகனோடு அவிநாசிக்குப் போகிறாள். இந்த வீம்போடு அனுப்பிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு பேசுவது?

அன்று மாலையே பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்து ஒப்புட்டு சுட்டு டப்பாவை நிறைத்தாள். அடுப்பை மூட்டை கட்டியிருப்பாளே என்று தன் தூக்குப்போசியில் தட்டைப்பயறு குழம்பும் எடுத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த டெய்சி டப்பாவைப் பார்த்ததும் கண் கலங்கினாள்.

“நானே வந்துருப்பேனுங்க்கா. வந்தா, டப்பா கேக்க வந்தாப்புல ஆயிருமேன்னுதான் இருந்துட்டேன்.”

ராமாமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்தப் பாழாய்ப்போன மரியாதையால் எத்தனை நாள் வீணாய்ப் போய்விட்டது!

கட்டிவைத்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நெடுநேரம் பேசினார்கள். ராமாமணி கிளம்பியபோது டெய்சி குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, தூக்குப்போசியைக் கழுவ எடுத்தாள்.

“அது இங்கயே இருக்கட்டும்.”

“நாளைக்குக் காலைல வண்டி ஏத்தீருவாங்கங்க்கா.”

“சாமானோட அதையும் ஏத்துங்க. அவிநாசி என்ன அமெரிக்காவுலயா இருக்குது?”

டெய்சி போசியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“கொண்டாந்து குடுக்க வாரேனுங்க்கா.”