முன்சில்லுப் பாரம்

சனிக்கிழமைகளில் மட்டும் வான் வழுக்குகிறது என்பதை அன்ரனெற் தை மாதத்தில்தான் கவனித்தாள்.

ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் நிலக்கீழ்ப் பார்க்கிங்கிலிருந்து தெருவுக்கு ஏறிவரும் பாதைக்குக் கூரை இல்லை. வெயில் எட்டாத சுவரோரத்தில் பனி இறுகிப்போய்க் கிடக்கும். கிழமை நாட்களில் டேகேருக்கு வேலைக்குப் போகும்போது அந்தப் பழைய மினிவான் அதில் ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. சனிக்கிழமை என்றால் பாதி ஏற்றத்தில் முன்சில்லுகள் சும்மா சுற்றத் தொடங்கிவிடும். இன்ஜின் கத்தும், வான் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"நீர் காஸைக் கூட மிதிக்கிறீர்" என்பார் பக்கத்து சீற்றில் இருக்கும் கணவர் அருள்நாயகம்.

"செவ்வாய்க்கிழமையும் இவ்வளவுதான் மிதிச்சனான்."

"அண்டைக்கு ஸ்னோ குறைவாய் இருந்திருக்கும்."

அன்றைக்குத்தான் கூடுதலாக இருந்தது. ஆனால் அவள் மறுத்துப் பேசவில்லை. அந்த நாட்களில் அவருடன் மறுத்துப் பேசுவது கவனமாகச் செய்யவேண்டிய காரியமாக இருந்தது.

அருள்நாயகத்துக்குச் சவுண்ட் சிஸ்டம் தொழில். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று ஸ்காபரோவில் அவருடைய ஸ்பீக்கர் பொக்ஸ் பாடாத மண்டபம் இல்லை. போன கோடையில் கண் டொக்டர் அவருக்குக் குளூக்கோமா முற்றிவிட்டதாகச் சொன்னார். நேரே உள்ளது நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் திரை விழுந்த மாதிரி. லைசென்ஸ் போய்விட்டது. தொழிலை விட அவருக்கு மனமில்லை. ஆகவே அன்ரனெற் ஓட்டினாள். அவள் லைசென்ஸ் எப்போதோ எடுத்திருந்தாள். ஆனால் கோடையில் கடைக்கும் கோயிலுக்கும் ஓட்டியதோடு சரி, பனியில் ஸ்டியறிங்கைத் தொட்டதே இல்லை. கார்த்திகையில் அவரே கராஜுக்குப் போன் பண்ணி விண்டர் ரயர் நாலும் போடுவித்தார். அதன் பிறகு வானைப் பற்றி அவர் கதைத்ததெல்லாம் குறை சொல்லத்தான்.

ஒஷாவாவில் இருக்கும் மகள் அனோஜாவிடம் போனில் சொன்னபோது அவளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"அம்மா, அது ஃப்ரண்ட் வீல் டிரைவ். அப்பிடித்தான். வித்துப்போட்டு ஒரு ஓல் வீல் எடுங்கோ. ஐ ஆம் சீரியஸ்."

"செவ்வாய்க்கிழமையும் அது ஃப்ரண்ட் வீல்தானே பிள்ளை? அப்ப எப்பிடி ஏறினது?"

"ஐ டோன்ற் நோ, அம்மா. லக்."

அதிர்ஷ்டம் கிழமை பார்த்து வராது என்று அன்ரனெற்றுக்குத் தோன்றியது. செவ்வாய்க்கும் சனிக்கும் என்ன வித்தியாசம்? ரோட் அதே ரோட். ரயர் அதே ரயர். மிதிக்கிற காலும் அதே கால். சனிக்கிழமைகளில் அருள்நாயகம் ஏறுகிறார், பொக்ஸ்கள் ஏறுகின்றன. டேகேரில் பிள்ளைகளுக்கு அப்பிள் வெட்டும்போதும் அதையே நினைத்துக்கொண்டு வெட்டினாள். பாரம் கூடினால் வான் தரையை நன்றாக அழுத்திப் பிடிக்கத்தானே வேண்டும்? பாரம் கூடின அன்றைக்கு ஏன் வழுக்குகிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு நடந்துபோய் வந்து பார்க்கிங்கில் இறங்கியபோது முதல்நாள் ஏற்றின பொக்ஸ்கள் இன்னும் வானின் பின்கதவோரமாகவே இருந்தன. அருள்நாயகம் அவற்றை எப்போதும் அங்கேதான் அடுக்குவார். கதவைத் திறந்ததும் இறக்கச் சுகம்.

"ஏனப்பா, ஒருக்கா பின்னுக்குப் போய் இருங்கோவன்" என்றாள்.

"எங்க?"

"கடைசியில. பொக்ஸுக்குப் பக்கத்தில ஒரு சீற் இருக்கெல்லோ, அதில."

"என்னத்துக்கு?"

"ஒண்டு பார்க்கவேணும்."

அருள்நாயகம் பாரமான ஆள். "நான் என்ன அரிசி மூட்டையே?" என்றார்.

"இண்டைக்கு மட்டும்" என்றாள் அவள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே கடைசி சீற்றில் ஏறி பெல்ற்றைப் போட்டுக்கொண்டார். வான் வழமையான இடத்துக்கு வரமுன்னரே வழுக்கியது. சனிக்கிழமைகளில் ஏறுகிற அளவுகூட ஏறவில்லை. பின்னால் வந்த கார்க்காரர் ஹோர்ன் அடித்தார். அன்ரனெற் கையைக் காட்டிவிட்டு மெல்ல வானைக் கீழே விட்டாள். பிறகு அருள்நாயகத்தை முன்னுக்கு வரச் சொன்னாள். நடு சீற்றுகள் எப்போதோ கழற்றப்பட்டிருந்தன. இருவருமாகப் பொக்ஸ்களை இழுத்து வந்து முன்சீற்றுகளின் முதுகோடு ஒட்டவைத்து, பட்டியால் இறுக்கிக் கட்டினார்கள்.

இந்தமுறை வான் மெல்ல ஏறியது. வெயில் படாத அந்த இடத்தில் ஒருதரம் தயங்கி, பிடித்து, தெருவுக்கு வந்துவிட்டது.

அன்ரனெற் தெருவோரத்தில் வானை நிறுத்தினாள்.

"இழுக்கிறது முன்சில்லு" என்றாள் அன்ரனெற். "நாங்கள் பாரத்தைக் கொண்டுபோய்ப் பின்னுக்கு வைக்கிறம். அதுக்குப் பிடிக்க ஒண்டும் இல்லை."

"அப்ப இவ்வளவு காலமும் நான் எப்பிடி ஏறினனான்? பொக்ஸ் பின்னுக்குத்தானே இருந்தது."

அவள் யோசித்தாள். "நீங்கள் கீழயிருந்து வேகமா வந்து ஏறுவியள். நான் பயத்தில மெல்லமா வாறன்."

அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வழுக்கும் எண்டு தெரியும்" என்றார் கடைசியில். "அதுதான் ஓடிவாறனான். ஏன் வழுக்குது எண்டு நினைச்சுப் பார்க்கேல்ல."

அதன் பிறகு பொக்ஸ்கள் முன்னுக்கு வந்தன. சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஏறக்குறைய ஒன்றாகின.

மாசி மாதத்தில் பிரியந்தனின் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விருந்து வந்தது. சவுண்ட் சிஸ்டம் கேட்டிருந்த பிரியந்தன் இளம் ஆள். ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பக்கமாக அண்மையில்தான் வீடு வாங்கியிருந்தார். அன்று மத்தியானம் விருந்து. அவர்கள் புறப்படும்போது தொடங்கிய பனி, லோறன்ஸ் வீதியால் கிழக்கே போகப் போகக் கூடிக்கொண்டே வந்தது. ரயர்கள் நன்றாகப் பிடித்தன. சிவப்பு விளக்குகளில் முன்கூட்டியே பிரேக்கை மிதிக்க, வான் சொன்ன இடத்தில் நின்றது. அன்ரனெற்றுக்கு அது பிடித்திருந்தது. சில்லுக்குக் கீழே பனி நெரிபடும் சத்தத்தை வைத்தே தெரு எப்படி இருக்கிறது என்று இப்போது அவளால் ஓரளவுக்குச் சொல்ல முடிந்தது.

பிரியந்தனின் வீடு மேட்டின் மேல் இருந்தது. தெருவிலிருந்து வாசலுக்கு நீளமான, ஒடுங்கிய டிரைவ்வே. இரண்டு பக்கமும் இடுப்பளவு கற்சுவர். அவர்களது பார்க்கிங் ஏற்றம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அன்ரனெற் மெல்ல ஏறினாள். பாதியில் முன்சில்லுகள் சுற்றின. வான் நின்று, பின்பக்கமாக வழுக்கத் தொடங்கியது. பிரேக் காலுக்குக் கீழே கடகடவென்று அதிர்ந்தது.

"ஓடிவாரும்" என்றார் அருள்நாயகம். "தெருவிலயிருந்து ஒரு ஓட்டம் எடும்."

அவள் அப்படியே செய்தாள். இன்னும் கொஞ்சத் தூரம் ஏறியது. ஆனால் சில்லு சுற்றியபோது வானின் மூக்கு ஒரு பக்கம் இழுபட்டு, பின்பக்கம் கற்சுவரை நோக்கி நகர்ந்தது. அவள் காலை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே விட்டாள்.

மேலேயிருந்து பிரியந்தன் பனி வாரும் சவளோடு இறங்கி வந்தார். "அன்ரி, கஷ்டப்படாதேங்கோ. உப்புப் போட்டனான், இந்தக் குளிருக்கு அது வேலை செய்யேல்ல. நாங்கள் பொக்ஸைக் கையில தூக்குவம்."

அருள்நாயகம் உடனே இறங்கிப் பின்கதவுப் பக்கம் போனார். அன்ரனெற் அவர் கால்களைப் பார்த்தாள். நடக்கும்போது வழியில் கிடந்த பனிக்கட்டியை அவர் காணவில்லை. தட்டுப்பட்டு, வானைப் பிடித்து நிமிர்ந்தார். ஆளளவு பாரமான பொக்ஸோடு அவர் அந்த ஏற்றத்தில் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேண்டாம் என்று பிரியந்தனுக்கு முன்னால் சொல்லவும் முடியவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். "நான் ஒருக்கா பார்த்திட்டு வாறன்."

டிரைவ்வே ஓரமாக ஏறி, வான் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தாள். முன்சில்லுகள் சுற்றிய இடம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. பின்சில்லுகள் நின்ற இடத்தில் ரயரின் அச்சு வெட்டி வைத்த மாதிரிப் பதிந்திருந்தது. இறுக்கி அழுத்தியிருக்கிறது. பொக்ஸ் முன்னுக்குத்தானே இருக்கிறது, பிறகு ஏன் பின்சில்லு இப்படி அழுத்துகிறது?

அவள் நிமிர்ந்தபோது தன் உடம்பே பதில் சொன்னது. ஏற்றத்தில் நிற்கும் அவளுடைய பாரமெல்லாம் குதிக்காலில் இருந்தது. வானும் அப்படித்தான் நிற்கும். எவ்வளவு பொக்ஸை முன்னுக்கு வைத்தாலும், ஏற்றம் அதைப் பின்னுக்குத்தான் தள்ளும்.

அவள் அந்த இடத்திலேயே திரும்பி, தெருவைப் பார்த்து நின்றாள். இப்போது பாரம் விரல் நுனிக்கு வந்தது.

கீழே வந்து அருள்நாயகத்திடம், "பின்பக்கமா ஏத்திப் பார்க்கப்போறன்" என்றாள்.

"ரிவேர்ஸிலயோ? உதிலயோ?"

"ஓம். அப்ப முன்சில்லு கீழ்ப்பக்கம் வரும். பாரம் எல்லாம் அதுக்கு மேல வந்து விழும். ஆனால் பின்கமராவை ஸ்னோ மூடிப்போச்சு. துடைச்சாலும் நிக்குதில்லை. நீங்கள் மேல நிண்டு சொல்லவேணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்குப் பக்கத்தில ஒண்டும் தெரியாதெண்டு உமக்குத் தெரியும்தானே."

"பக்கம் தேவையில்லை. ரெண்டு சுவருக்கும் நடுவில நேரே வாறனா எண்டு பார்த்தால் காணும்."

பிரியந்தன் தான் நிற்பதாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அருள்நாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். உச்சியில், கராஜ் கதவுக்கு முன்னால், டிரைவ்வேயின் சரி நடுவில் போய் நின்றார்.

தெருவில் வானைத் திருப்பி எடுக்க அவளுக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. பிரியந்தன் தெருவில் நின்று வருகிற கார்களை மறித்தார். கண்ணாடியை இறக்கிவிட்டாள். பனி உள்ளே விழுந்தது. ரிவேர்ஸைப் போட்டு, காஸை விரல் நுனியால் தொட்ட மாதிரி அழுத்தினாள்.

"வாரும்" என்றார் மேலேயிருந்து அருள்நாயகம். மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற குரல். "நேரே வாரும். கொஞ்சம் உம்மட வலப்பக்கம். காணும். அப்பிடியே வாரும்."

பாதியில், அந்த மினுங்கிய இடத்துக்கு வந்தபோது முன்சில்லு ஒருதரம் நழுவியது. அவள் காஸைக் கூட்டவில்லை. நழுவிய சில்லு தானாகவே பிடித்தது. வான் நடக்கிற வேகத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே சீராக ஏறியது.

"நிப்பாட்டும்" என்றார் அருள்நாயகம். பின்கதவில் அவருடைய உள்ளங்கை தட்டுகிற சத்தம் கேட்டது.

பிரியந்தன் மூச்சிரைக்க மேலே வந்தார். "அங்கிள், உதை அன்ரிக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"ஒருத்தரும் இல்லை, தம்பி. என்னை மூட்டை மாதிரி முன்னுக்கும் பின்னுக்கும் ஏத்தித்தான் கண்டுபிடிச்சவ."

அன்ரனெற் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இன்ஜினை நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விருந்து நன்றாக நடந்தது. பிள்ளை பாட்டுச் சத்தத்திலேயே நித்திரையாகிவிட்டது. ஆட்டிறைச்சிக் கறி முடிந்துபோய் இன்னொரு சட்டி வந்தது. வெளியே பனி விட்டுவிட்டு, வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தபோது பொக்ஸ்களை ஏற்றினார்கள். முதல் பொக்ஸை முன்சீற்றோடு வைத்துக் கட்டப்போன பிரியந்தனை அருள்நாயகம் தடுத்தார்.

"பொறும் தம்பி." அவர் டிரைவ்வேயைப் பார்த்துவிட்டு அன்ரனெற்றிடம் திரும்பினார். "இஞ்சேரும், இப்ப நாங்கள் முன்பக்கமா இறங்கப்போறம். பாரம் எல்லாம் முன்னுக்குப் போகும். நல்லது. ஆனால் அப்ப பின்பக்கம் லேசாகுமெல்லோ? பிரேக் பிடிச்சால் அது சுத்திக்கொண்டு வராதோ?"

அன்ரனெற் அதை யோசித்திருக்கவில்லை. ஏறுவதை மட்டுமே யோசித்திருந்தாள்.

"வரலாம்" என்றாள் மெதுவாக.

"அப்ப இறங்கேக்க பொக்ஸ் பின்னுக்கு."

பிரியந்தன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொக்ஸ்களைப் பின்னுக்கு நகர்த்திக் கட்டினார். அன்ரனெற் கியரைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டு இறங்கினாள். பின்பக்கம் அசையவே இல்லை. தெருவுக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தினாள்.

"சரியாத்தான் இருந்தது" என்றார் அருள்நாயகம்.

"ஓம். ஆனால் பொக்ஸாலயோ, நான் மெல்லமா வந்ததாலயோ தெரியாது."

அவர் அதை யோசித்தார். "பொக்ஸை முன்னுக்கு வைச்சுக்கொண்டு இறங்கியிருந்தால்தான் தெரியும்."

"ஓம்."

"அதுக்குத் திரும்ப ஏறவேணும்."

இருவரும் டிரைவ்வேயைத் திரும்பிப் பார்த்தார்கள். உச்சியில் பிரியந்தன் இன்னும் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் விருந்தாளிகள் தெருவில் விட்டிருந்த கார்களுக்கு டிரைவ்வேயால் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாமப்பா" என்றாள் அன்ரனெற். "பாவம் அந்தப் பெடியன்."

லோறன்ஸ் வீதியில் பனி தள்ளுகிற வண்டி ஒன்று மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு முன்னே போனது. அவள் முந்தப் பார்க்காமல் அதன் பின்னாலேயே போனாள். அருள்நாயகம் கோடைக்குப் பிறகு இவ்வளவு கதைத்ததில்லை. வளைவில் என்ன நடக்கும், பெற்றோல் ராங்க் நிரம்பியிருந்தால் பாரம் எந்தப் பக்கம் சேரும், பின்ரயர் தேய்ந்திருந்தால் எப்படி, என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பாதிக்கு அவளிடம் பதில் இருக்கவில்லை. வெக்ஸ்போர்ட் பக்கம் வந்தபோது, கடைகள் பூட்டியிருந்த ஒரு பிளாசாவின் முன்னால் ஒருவரும் மிதிக்காத வெள்ளைப் பார்க்கிங் பரப்பு அகலமாகக் கிடந்தது.

அவள் சிக்னலைப் போட்டாள்.

"என்ன?" என்றார் அருள்நாயகம்.

"வளைவு கேட்டனீங்களெல்லோ" என்றபடி அவள் வானை உள்ளே திருப்பினாள்.