"ஆத்துமாவுக்கோ, அம்மா?"

1

முதல் வரைவில் இந்தக் கதையின் பிழையைச் செய்தவர் கொன்ஸ்ரன்ஸ் அக்கா. அது பொய். செய்தவன் நான். அதை மறைக்கப் பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வரைவிலும் அவர் இன்னும் கொஞ்சம் வாய் பேசாதவராகிக்கொண்டு போனார். அவரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

2

தொடக்கம் ஒன்று: தொண்ணூற்றேழாம் ஆண்டு, மழை பெய்துகொண்டிருந்த

(வேண்டாம். மழை பெய்ததா என்று ஞாபகமில்லை.)

தொடக்கம் இரண்டு: கொட்டாஞ்சேனையில் எங்கள் வேதக் கோவில் மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் ஒரு மேசை போடுவோம். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடி வருபவர்களுக்குக் கொன்ஸ்ரன்ஸ் அக்கா சிங்களத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை பாதர் றேமண்ட் அந்தப் பெயர்களோடு தடுப்பு முகாம்களுக்குப் போவார். வேதக்காரர், சைவக்காரர் என்று பார்ப்பதில்லை.

மேசையின் மறுமுனையில் நான். பூசையில் வேண்டிக்கொள்ளப் பெயர் எழுதுபவன். இரண்டு கொப்பிகள்: நீலம் உயிரோடிருப்பவர்களுக்கு, கறுப்பு இறந்தவர்களுக்கு. கறுப்பை 'ஆத்துமாக் கொப்பி' என்போம். ஞாயிறு பூசையில் வாசிப்பவனும் நான்தான். "ஆத்துமாக்களுக்காக" என்று தொடங்கிப் பெயர்களுக்குப் போய்விடுவேன். அதற்குமேல் விளக்குகிற வழக்கமில்லை.

3

கனகேஸ்வரி வெள்ளவத்தையிலிருந்து வந்தவர். நெற்றியில் திருநீறு. மகன் சிவநேசனை லொட்ஜில் வைத்துப் பிடித்து ஏழு வாரம். இதையெல்லாம் அவர் கொன்ஸ்ரன்ஸ் அக்காவிடம் சொன்னார். என்னிடம் பெயரை மட்டும் சொன்னார்.

"ஆத்துமாவுக்கோ, அம்மா?"

"ஓம் தம்பி, ஆத்துமாவுக்குத்தான். உடம்பை என்ன செய்யினமோ, ஆருக்குத் தெரியும்."

கறுப்பில் எழுதினேன். அவருடைய இரண்டாவது வாக்கியம் அப்போது எனக்குக் கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் கேட்கிறது.

[குறிப்பு: எங்களுக்கு ஆத்துமா என்றால் உடலைவிட்டுப் போனது. அவருக்கு அது உயிரோடிருப்பவனிடமும் இருப்பது. அகராதி அவர் பக்கம்.]

4

அந்தோனிப்பிள்ளை. மரியதாஸ். சிவநேசன்.

ஞாயிறு பூசையில் பெயர்கள் சாம்பிராணிப் புகையோடு மேலே போய், மின்விசிறியில் கலைந்து, யாருடையவை என்று தெரியாமல் இறங்கின. கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த கனகேஸ்வரியின் முகம் நித்திரையில் சிரிக்கிற குழந்தையின் முகம்போல இருந்தது.

வாசலில் என் கையைப் பிடித்தார்.

"இவ்வளவு பேரையும் பாதர் கண்டுபிடிச்சிட்டாரோ, தம்பி?"

நான் கொப்பியை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டேன்.

"அந்தோனிப்பிள்ளையும் என்ர பிள்ளையோட ஒரே முகாமோ?"

நான் வாய் திறக்கவில்லை. மௌனம் எனக்கு எப்போதும் எளிது. அதை அவர் 'ஓம்' என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கொன்ஸ்ரன்ஸ் அக்கா கறுப்புக் கொப்பியை விரித்துப் பார்த்தார்.

"அவ பிள்ளையைத் தேடி வந்தவ, மடையா. நீ அடக்கம் பண்ணிப்போட்டாய். உனக்கு வாய் எதுக்கு, மீன் தின்னவோ?"

5

சிவநேசன் அன்று காலை லொட்ஜின் படிகளில் இறங்கியபோது

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமையில்லை. பாதர் மூன்று முகாம்களில் கேட்டார். ஒன்றிலும் இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.)

முடிவு அ: கனகேஸ்வரியிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் எச்சில் தொட்ட விரலால் பெயரை அழிக்கப் பார்க்கிறார். (குமிழ்முனைப் பேனையால் எழுதியது அழியாது. அந்த வரைவைக் கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: சிவநேசன் வீட்டுக்கு வருகிறான். (கதையில் அதற்கு ஒரு வரி போதும். அதனால்தான் எழுதக் கூசுகிறது.)

6

அடுத்த வியாழன் கனகேஸ்வரி நேராக என்னிடம் வந்தார். பையிலிருந்து இரண்டு புதுச் சாரங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒண்டு பிள்ளைக்கு உடுக்க. மற்றது அந்தோனிப்பிள்ளைக்கு. பாவம், அவருக்கு ஆரும் கொண்டுபோறேல்லையாக்கும். ஆள் மெலிவோ மொத்தமோ தெரியாது. சாரத்துக்கு அளவு என்னத்துக்கு."

கொன்ஸ்ரன்ஸ் அக்காவின் பேனை நின்றது.

பூசையில் படிப்பவனை எங்கள் கோவிலில் 'வாசகர்' என்பார்கள். இப்போது அந்தப் பெயர் உங்களுடையது. நான் எழும்பிவிட்டேன். கதிரை இன்னும் சூடாக இருக்கிறது, உட்காருங்கள். இரண்டு கொப்பிகளும் உங்கள் முன்னால். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.

"என்ன, நாளைக்குக் குடுத்துவிடுவியளோ?"