வேறு கட்டுக்குள் இருந்த தாள்

1957ஆம் ஆண்டு மார்ச் 9, சனிக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்கு, லுத்தரன் திருச்சபையின் வரலாற்றாசிரியர் ஒட்மார் ரேஃபுஸ், எர்லன்ஹோஃப் மென்னோனைட் சபையின் போதகரும் விவசாயியுமான யாக்கோப் லிஹ்டியின் அடுப்படி மேசைமீது ஒரு தாளின் நகலை வைத்தார். யாக்கோபின் அக்காள் கத்தரீனா உருளைக்கிழங்குச் சூப்பை இறக்கிக்கொண்டிருந்தாள்.

ரேஃபுஸுக்கு அறுபத்தெட்டு வயது. வளர்ந்தபின் தம் விருப்பத்தால் மறுபடி ஞானஸ்நானம் பெற்ற மக்களை அவருடைய சபை ஒரு காலத்தில் சிறையிட்டது, தண்ணீரில் மூழ்கடித்தது. மென்னோனைட்டுகள் அவர்களைத் தம் முன்னோராகக் கொண்டாடினர். அந்த விசாரணைப் பதிவேடுகளைத் தேடிப் பதிப்பிப்பதே ரேஃபுஸின் முப்பதாண்டுத் தொழில்.

அவற்றில் ஒன்று, 1531இல் இதே ஊரில் நெசவாளியின் மனைவியாக இருந்த மார்கிரெட் ஃபோல்மரின் வழக்கு. அவளை மூழ்கடிக்க வேண்டும் என்ற தீர்ப்போடு பக்கம் முடிந்தது. அடுத்த தாளைக் காணவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் தொகுதியில் ரேஃபுஸ், "அவள் மூழ்கடிக்கப்பட்டாள்" என்று அச்சேற்றினார். தம் சபையின் பாவத்தை ஒளிக்கக் கூடாதென்ற தவிப்பில், ஏட்டில் இல்லாத வரியை அவரே எழுதி முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை நம்பி எர்லன்ஹோஃப் சபை ஆண்டுதோறும் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போசனத்தின்போது அவள் பெயரை வாசித்தது. ஈஸ்டருக்கு மறுநாள் ஓடைக்கரையில் நடுவதற்கு நினைவுக்கல்லும் தயாராகிவிட்டது.

காணாமற்போன தாள், சென்ற மாதம் பழைய அரண்மனையின் ஆவண அறையில், ஓர் ஆலைத் தகராறு பற்றிய காகிதக் கட்டுக்குள் அகப்பட்டது. பழைய எழுத்தை யாக்கோபால் படிக்க இயலாது. ரேஃபுஸ் படித்துக் காட்டினார். மார்கிரெட்டின் பால்குடிப் பிள்ளையை அவளிடமிருந்து மூன்று நாள் பிரித்து வைத்தார்கள். நான்காம் நாள் மார்கிரெட் கையை உயர்த்திச் சத்தியம் செய்து தன் விசுவாசத்தை மறுத்தாள். தன்னோடு கூடி ஜெபித்த ஏழு பேரின் பெயரைச் சொன்னாள். அவளை விட்டுவிட்டார்கள். அந்த ஏழு பேரையும் மூழ்கடித்தார்கள்.

எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்யாத குடும்பம் யாக்கோபுடையது.

"அன்னைக்கு உங்க ஆளுங்க அவளைத் தண்ணியில போட்டதாச் சொன்னீங்க," என்றார் யாக்கோப். "இப்போ நீங்களே கரையேத்தி விட்டுட்டீங்க. நல்ல வேலைதான், டாக்டரே."

"அந்தத் தாளை எலி தின்னிருக்கக் கூடாதா?" என்றாள் கத்தரீனா. "எங்க வீட்டு எலி சாக்கு முதக்கொண்டு தின்னுது. அரண்மனை எலிக்கு மட்டும் காகிதம் கசக்குதாக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ரேஃபுஸ் இரவெல்லாம் மனத்துக்குள் உருப்போட்டதைச் சொன்னார். "கடைசித் தொகுதி இன்னும் அச்சுக்குப் போகல, யாக்கோப். இந்தத் தாள் இருக்கிறது எனக்கு மட்டுந்தான் தெரியும். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா, அசலை அந்தக் கட்டுக்குள்ளயே விட்டுடுறேன்."

அந்த நட்பை இழக்க அவருக்கு மனமில்லை. மனைவி இறந்தபின் அவர் ஞாயிறு உணவு உண்டது இந்த மேசையில்தான்.

யாக்கோப் நகலை மடிக்காமல் திருப்பி நீட்டினார். "சத்தியம் பண்ணாதவங்க நாங்க, எங்களுக்கு ஆம்னா ஆம், இல்லைன்னா இல்லை. இருபத்தெட்டு வருஷமா நீங்க சொன்னதை அப்படித்தான் எடுத்துக்கிட்டோம். இப்போ பொய்யை மூடி வைக்கிற பாரத்தையும் எங்க தலையிலேயே ஏத்துறீங்களே, ஒட்மார்?"

தவறாக எழுதியதைவிட, மறைத்துவிடலாமா என்று கேட்டது பெரிய குற்றம் என்பது அப்பொழுதுதான் ரேஃபுஸுக்கு உறைத்தது.

"அந்தப் பொண்ணை யாரும் வையக் கூடாது," என்றாள் கத்தரீனா, அகப்பையைக் கீழே வைக்காமல். "மூணு நாள் மார்ல பால் கட்டிக் கிடந்திருப்பா. அந்த வலி இந்த ரெண்டு ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்?"

"செத்த ஏழு பேருக்கு வலிக்கலையா, அக்கா?"

அவள் திரும்பிக்கொண்டாள். சூப் ஆறியது. ரேஃபுஸைச் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி ஒருவரும் சொல்லவில்லை. அவரும் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆராதனைக்குப்பின் சபை கூடியது. வழக்கப்படி ஆண், பெண் ஒவ்வொருவரையும் இருக்கை வரிசையாகக் கேட்டார்கள். நாற்பத்தொரு பேர் விடையளித்தனர். முடிவு திங்கட்கிழமை கடிதமாக ரேஃபுஸுக்கு வந்தது. தாள் முழுவதும் அச்சிடப்பட வேண்டும். முதல் தொகுதியின் வரி தவறு என்று ஆசிரியர் தம் பெயரிட்டு எழுத வேண்டும். கல் நடப்படாது. இனி இராப்போசனத்தில் அந்த ஏழு பேரின் பெயர்கள் வாசிக்கப்படும். மார்கிரெட்டின் பெயரையும் சேர்த்து வாசிப்பதா என்பதில் கத்தரீனாவும் வேறு ஐவரும் ஒரு பக்கமும் மற்றவர்கள் மறுபக்கமும் நின்றதால் ஒருமனம் ஏற்படவில்லை. ஒருமனமில்லாமல் சபை எதையும் செய்வதில்லை, ஆகவே அவள் பெயர் வாசிக்கப்படாது. ஞாயிறு உணவைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. ரேஃபுஸ் நிபந்தனைகளை ஏற்று அன்றே பதில் எழுதினார்.